வௌவால் கட்டிய வாடகை

பீடோங்கில் பிரேமாவதியின் வீட்டு வாடகையை வௌவால்கள்தான் கட்டிவந்தன. சிரிக்காதீர்கள். நான் சொல்லும் மற்றக் கதைகளில் கொஞ்சம் கலப்படம் உண்டு, இதில் உப்புக்கல் அளவுகூடக் கிடையாது. வாடகை மாதம் நானூறு ரிங்கிட், நாங்கள் வெள்ளி என்போம். வருடத்துக்கு ஒருமுறை வௌவால் கம்பெனி அனுப்பும் லாப ஈவைப் பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டால், வாடகை போக ஐம்பது வெள்ளி மிஞ்சும். மிஞ்சியதில் பிரேமாவதி நல்ல கருவாடாகப் பார்த்து வாங்குவாள்.

வௌவால் கம்பெனி என்பது அவள் வைத்த பெயர். பத்திரத்தில் இருக்கும் பெயர் புக்கிட் கெலாவார் மினரல்ஸ். பாலிங் பக்கம் அதே பெயரில் ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் குகைகளில் ராஜா காலத்துக்கும் முந்திய வௌவால்கள் போட்ட எச்சமெல்லாம் இறுகிப் பாஸ்பேட் கல்லாகிக் கிடந்தது. அதை வெட்டி, அரைத்து, சாக்கில் கட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு உரமாக விற்பதுதான் தொழில். ஒவ்வொரு சாக்கிலும் சிறகை விரித்த வௌவால் படம் அச்சடித்திருக்கும். வௌவால்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் தொழிலில் நல்ல லாபம்.

பிரேமாவதி பதினேழு வயதில் பீடோங்கை ஒட்டிய தோட்டமொன்றில் உரம் போடும் கும்பலில் சேர்ந்தாள். இடுப்பில் வாளி, கையில் அளவுக் குவளை. மரத்தைச் சுற்றி நடந்தபடியே வீச வேண்டும். அவள் வீசினால் உரம் மரத்தடியில் கோலம் போட்டதுபோல் வட்டமாக விழும். ஒருமுறை காற்று மாறி அடித்ததில் அந்தத் தூள் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, வேலியில் போய்ப் படிந்ததாம். மறுமாதம் வேலிக் கட்டையெல்லாம் துளிர்த்து, கம்பத்துக்காரர் ஆட்டை அவிழ்த்துவிட்டு வேலியை மேயவிட்டாராம். இதற்குச் சாட்சி அந்த ஆடுதான். அது இப்போது இல்லை.

மற்றப் பெண்கள் காலிச் சாக்கைக் கால்மிதி ஆக்கினார்கள். பிரேமாவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் தூளு எங்கேருந்துண்ணே வருது?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கிரிசாமியைக் கேட்டாள்.

"சாக்குலேருந்து," என்றார் மண்டோர்.

அந்தப் பதிலில் அவள் மனம் அடங்கவில்லை. ஐம்பது வயதில் இபிஎஃப் பணத்தில் ஒரு பங்கை எடுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தபோது, கும்பலில் இருந்த மற்றவர்கள் தங்கச் சங்கிலி எடுத்தார்கள், கூரை மாற்றினார்கள். இவள் சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறிப் போய், பங்குச் சந்தைக் கணக்குத் திறந்து, வௌவால் கம்பெனியில் தொண்ணூறாயிரம் பங்கு வாங்கினாள். அப்போது பங்கு முப்பது காசு.

"எதுக்கு லா இந்த வேலை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "முப்பது வருசம் நான் வீசுனது யாரோட பையில விழுதுன்னு பாக்கணும்."

கணவர் லோரி ஓட்டியவர். அவர் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகள் நளினிதான் சொந்தம். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு அதிகாரி.

லாப ஈவு எவ்வளவு வரும் என்பதைக் கம்பெனி அறிவிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க பிரேமாவதிக்கு ஒரு வழி இருந்தது. கடைசிக் காலத்தில் தோட்டத்தில் அவளே மண்டோராகியிருந்தாள். அப்போது வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கை எண்ணத் தொடங்கியவள். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உரம் போட்டு முடித்ததும் காலிச் சாக்குகளைக் கட்டுக்கட்டாக ஸ்டோருக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சாக்கு வந்தால்தான் உரம் போட்டதாகக் கணக்கு. எந்தத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் எத்தனை வௌவால் கட்டு கிடக்கிறது என்று பார்த்தால், கம்பெனி எவ்வளவு விற்றிருக்கிறது என்பது தெரிந்துபோகுமே!

ஓய்வுபெற்ற பிறகு இதுதான் அவள் வேலை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போவாள். செர்டாங்கில் நாத்தனார் வீட்டுக்குப் போனால் அந்தப் பக்கத்து ஸ்டோர்களையும் ஒரு சுற்று. ஸ்டோர்க்காரர்கள் எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். "அக்கா வந்துட்டாங்க, சாக்கு தரிசனம்," என்று கேலி செய்வார்கள். அவள் எதையும் எழுதிக்கொள்ள மாட்டாள். பார்ப்பாள், "ம்" என்பாள், வண்டியை எடுப்பாள். பிறகு பீடோங் சந்தைப் பக்கத்துக் காப்பிக்கடையில், "இந்த வருசம் அஞ்சு காசு குடுப்பான்," என்பாள். ஐந்து காசு வரும். ஒரே ஒரு வருடம் தப்பியது. அந்த வருடம் வெள்ளத்தில் சாக்குகள் அடித்துப் போய்விட்டன என்று வெள்ளத்தின் மேல் பழி போட்டாள்.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. போன அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு சேதிகள் வந்தன.

முதல் சேதியைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரர் ஆர்தர். ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மாதா கோயில் பாடற்குழுவில் அவர் குரலெடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார்கள். அன்று குரல் இறங்கியிருந்தது.

"பிரேமா, எம் மக அலிசியா வெளிநாட்டுலேருந்து, பெர்த்துக்கு வந்திருங்கன்னு ஒரே பிடிவாதம். கிறிஸ்மஸ் முடிஞ்சதும் போறேன். வீட்டை வித்துரலாம்னு இருக்கேன்."

"யாருக்கு மாஸ்டர்?"

"ஒருத்தன் கேக்குறான். வெளிநாட்டு வேலையாளுங்களத் தங்கவைக்கிற ஹாஸ்டல் ஆக்கப் போறானாம். தொண்ணூத்தெட்டாயிரம் குடுக்கிறேங்கிறான். அதே விலைக்கு நீ எடுத்துக்கிறதா இருந்தா உனக்குத்தான். நவம்பர் கடைசிக்குள்ள சொல்லிரு."

பிரேமாவதி அந்த வீட்டில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறாள். பின்பக்கம் அவள் நட்ட கறிவேப்பிலை கூரைக்கு மேல் போய்விட்டது. கையில் இருந்தது முப்பதாயிரம். வங்கி இந்த வயதில் கடன் கொடுக்காது. பங்குகளை விற்றால் ஒழிய வேறு வழியில்லை, அப்போதும் கொஞ்சம் துண்டு விழும். விற்றுவிட்டால் வருடம் தவறாமல் வரும் லாப ஈவு நின்றுபோகும். வீடா, வௌவாலா?

இரண்டாவது சேதி கம்பெனியிடமிருந்து வந்தது. பெரும்பங்கை வைத்திருக்கும் முதலாளி, தவுக்கே சியா, சின்னப் பங்குதாரர்களிடம் இருப்பதை எல்லாம் தானே வாங்கிக்கொண்டு கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடப் போகிறார். பங்குக்கு எழுபத்தைந்து காசு. இதற்கும் நவம்பர் கடைசிதான் கெடு. சந்தையில் அப்போது விலை ஐம்பத்தெட்டு காசு.

எழுபத்தைந்து காசென்றால் தொண்ணூறாயிரம் பங்குக்கு அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு. கையிலிருக்கும் முப்பதாயிரத்தோடு சேர்த்தால் வீட்டு விலைக்கு ஐந்நூறுதான் குறையும். தேடிவந்த தெய்வம் என்று வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள். பிரேமாவதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சந்தையிலே அம்பத்தெட்டுக்குக் கிடைக்கிறதை எழுவத்தஞ்சுக்கு ஏன் லா வாங்குறான்? சியா குடும்பத்துக்குப் பைத்தியம் கிடையாதே."

வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு வந்த நளினி, கம்பெனி அனுப்பிய புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். தவுக்கே சொல்லும் விலை சரிதானா என்று பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வைத்திருந்தார்கள். அவர் கருத்து கடைசியில் இருந்தது.

"‘இந்த விலை நியாயமானதல்ல, ஆனால் ஏற்கத்தக்கது’ன்னு எழுதியிருக்காங்க அத்தை."

"அது என்னாடி அது? மாப்பிள்ளை நல்லவரில்லை, ஆனா கட்டிக்கலாங்கிற மாதிரி இருக்கு."

"அப்படித்தான் எழுதுவாங்க. குன்றுல இன்னும் இருபது வருசத்துக்குக் கல்லு இருக்காம். அதை வச்சுப் பாத்தா விலை இன்னும் கூட வரணுமாம். ஆனா சந்தை விலையைவிட இது அதிகங்கிறதால ஏத்துக்கலாமாம்."

"இருபது வருசமா? அப்ப நீ கணக்குப் போடு. ஒரு பங்கு எவ்வளவு பெறும்?"

நளினி சொன்னாள். பங்கு என்பது இனி வரப்போகும் லாப ஈவுகளின் மூட்டை. போன வருடம் ஆறு காசு கொடுத்தார்கள். இருபது வருடம் கொடுப்பார்கள் என்றால் இருபதால் பெருக்கிவிட முடியாது. ஏனென்றால் பத்து வருடம் கழித்து வரும் காசு இன்றைய காசு அல்ல. வராமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு வருடம் தள்ளிப்போகப் போக ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

"பன்னிக் கழிவு," என்றாள் பிரேமாவதி.

"என்னா?"

"மரத்துல காய்ச்சிருக்கிற பிஞ்சுக் குலையெல்லாம் எண்ணி, அஞ்சு மாசம் கழிச்சு இவ்வளவு வெட்டலாம்னு கணக்குக் குடுப்போம் இல்ல? எண்ணுனதை அப்படியே குடுக்க மாட்டோம். காட்டுப்பன்னி தின்னது, எலி கடிச்சது, திருட்டுப் போனது, எல்லாத்துக்கும் ஒரு கழிவு. பழுக்க நாளாகுற குலைக்குக் கழிவும் கூட. அதைத்தானே நீ சொல்லுற?"

"அதேதான் அத்தை! காலேஜ்ல மூணு மாசம் நடத்துனாங்க இதை."

"பன்னியைக் கூட்டிட்டு வந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்."

பன்றிக்கு வருடம் நூற்றுக்கு ஏழு என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அடுத்த கேள்வி, லாப ஈவு ஆறு காசிலேயே நிற்குமா? பிரேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வருடம் அவள் பார்த்த ஸ்டோர் வாசல்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. முன்பு இரண்டு கட்டு கிடந்த இடத்தில் மூன்று கட்டு. செர்டாங்கில் வைக்க இடமில்லாமல் வெளியே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

"ஒம்பது," என்றாள். "ஒம்பது காசுக்குக் குறையாது."

நளினி கைப்பேசியில் தட்டினாள். ஒன்பது காசு, இருபது வருடம், பன்றிக் கழிவு போக, தொண்ணூற்றைந்து காசு வந்தது.

"தொண்ணூத்தஞ்சு பெறுறதை எழுவத்தஞ்சுக்குக் கேக்குறான் சியா. குடுக்காதீங்க அத்தை."

"குடுக்கலேன்னா வீடு ஹாஸ்டலாயிரும்."

"எங்கூட கூலிமுக்கு வந்துருங்க."

"உன் மூணாவது மாடியிலே கறிவேப்பிலையை எங்கடி நடுவேன்?"

இருவருக்கும் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். மறுவாரம் பிரேமாவதியே கூப்பிட்டாள். "நளினி, ஒருநாள் லீவு போடு. வௌவால் வீட்டுக்குப் போயிட்டு வருவோம். குலை எண்ணணும்னா மரத்தடிக்குப் போவணும். நான் இதுநாள் வரைக்கும் அந்த மலையைப் பாத்ததேயில்லை."

நளினியின் சின்னக் காரில் போனார்கள். பாலிங் பாதையில் வயலும் ரப்பரும் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கின. ஒவ்வொரு குன்று தெரியும்போதும், "இதா? இதா?" என்று பிரேமாவதி கழுத்தை நீட்டினாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களில் மாப்பிள்ளை யார் என்று தேடும் பெண்ணைப்போல. கடைசியில் புக்கிட் கெலாவார் வந்தபோது அவள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். குன்றின் ஒரு பக்கம் முழுவதும் கடித்த கொய்யாப்பழம்போல் இருந்தது. மறுபக்கம் பச்சையாக, ஓர் இலைகூட அசையாமல் நின்றது.

வாசலில் காவலாளி வழிமறித்தார். பங்குதாரர் என்று நளினி சொன்னாள். காவலாளி அந்த வார்த்தையை முதன்முறையாகக் கேட்பவர்போல் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த தமிழர் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் குழந்தைவேலு. சாக்கு தைக்கும் இயந்திரத்தில் உட்காருபவர். தலை, மீசை, இமை எல்லாம் தூள் படிந்து வெளுத்திருந்தது.

"பங்கு வச்சிருக்கீங்களா? எங்க மொதலாளிம்மாவா நீங்க?" என்று கும்பிட்டுச் சிரித்தார். "சம்பளம் ஏத்திக் குடுங்கம்மா."

"ஏத்துனா என் வாடகை குறையும்ணே. மொதல்ல சாக்கைக் காட்டுங்க."

கொட்டகைக்குள் வௌவால் சாக்குகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பிரேமாவதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா நளினி? ஒம்பதுன்னு சொன்னேன்ல?" என்றபடி தைக்காமல் கிடந்த சாக்கு ஒன்றுக்குள் கையை விட்டாள். சிரிப்பு நின்றது. தூளை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலுக்கிடையே தேய்த்தாள்.

"அண்ணே, இது எங்க தூளு இல்லையே. நான் வீசுனது கருப்பட்டி நிறமா இருக்கும். இது சாம்பலா இருக்கு."

குழந்தைவேலு சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. மறைக்க வேண்டிய சங்கதி என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். "இது கப்பல்ல வர்றதும்மா. பினாங்குல எறங்கி லோரியிலே வருது. ரெண்டு வருசமா அப்படித்தான். நாங்க சாக்குல போட்டுத் தைக்கிறது மட்டும்தான். பத்து சாக்குல ஏழு கப்பல் கல்லு."

"வௌவால் படம் போட்டு?"

"பழைய சாக்கு நெறைய அச்சடிச்சு வச்சிருக்காங்களே."

நளினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "புத்தகத்துல ‘வாணிபப் பிரிவு’ன்னு ஒரு வரி வந்துச்சு அத்தை. லோரி வாடகைக்கு விடுறாங்க போலன்னு தாண்டிப் போயிட்டேன். வாங்கி விக்கிறதுல லாபம் ரொம்பக் கம்மி."

பிரேமாவதி சாக்கு அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். காலிச் சாக்கை எண்ணினாள், சரி. உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் முகர்ந்து பார்க்கவில்லை. எந்த ஸ்டோர் வாசலிலாவது ஒரு சாக்கை உதறியிருந்தால் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்திருக்கும். அவளே இதைச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டாள். அவமானம் அவள் முகத்தில் தெரியவில்லை. புதிதாக ஒரு விடுகதை கிடைத்த குழந்தையின் முகம்தான் இருந்தது.

"சரிண்ணே. கல்லு இருபது வருசத்துக்கு இருக்குன்னு எழுதியிருக்காங்களே. அப்ப ஏன் கப்பல்ல வரவழைக்கிறாங்க?"

"கல்லு இருக்கும்மா. அந்தப் பக்கம் இருக்கு." குழந்தைவேலு குன்றின் பச்சைப் பக்கத்தைக் கைகாட்டினார். "வெளியாளுங்க வந்து துளை போட்டுப் பாத்தாங்க. கருப்பட்டிக் கல்லு, மொத்தமா, நல்ல சரக்கு. ஆனா தோண்ட மாட்டாரு தவுக்கே."

"ஏன்?"

"வாங்க, காட்டுறேன்."

பச்சைப் பக்கத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போனது. கடித்த பக்கத்தில் இருந்த தூசு ஒரு துளிகூட இங்கே இல்லை. பாதை முடிகிற இடத்தில், லாட வடிவத்தில் மேடு கட்டிய பெரிய சீனக் கல்லறை. எழுத்துகளில் சிவப்புச் சாயம் புதிதாகப் பூசியிருந்தது. எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகள், ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள்.

"தவுக்கேயோட தாத்தா," என்றார் குழந்தைவேலு. "இந்த மலையிலே உரம் இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிச்சவரே அவருதான். ‘என்னை இங்கேயே வச்சிருங்க’ன்னு சொல்லிட்டாராம். வருசா வருசம் முன்னோருக்குப் படையல் வைக்கிற செங் பெங் வந்தா குடும்பமே வரும், சின்னதுலேருந்து பெருசு வரைக்கும். எங்களுக்கும் வாத்து வறுவல் கெடைக்கும்."

"அவரு காலடியிலேதான் கல்லு?"

"காலடி என்னா, முதுகு, தலை, எல்லாத்துக்கும் கீழே."

பிரேமாவதி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தக் கிழவரைப் பிடித்துப்போயிற்று என்றே நினைக்கிறேன். செத்த பிறகும் சரக்கின்மேல் படுத்துக்கொண்டிருக்கிற முதலாளியை வேறெங்கே பார்க்க முடியும்?

"வருசா வருசம் பங்குதாரருங்க கூட்டத்துல யாராவது ஒருத்தர் எழுந்து, எப்ப அந்தப் பக்கம் தோண்டப்போறீங்கன்னு கேக்குறாங்களாம்," என்று குழந்தைவேலு தொடர்ந்தார். "தவுக்கே அன்னிக்கு ராத்திரி சோறு தின்ன மாட்டாராம். டிரைவர் சொன்னான்."

சந்தையில் ஐம்பத்தெட்டுக்குக் கிடைப்பதை எழுபத்தைந்துக்கு ஏன் வாங்குகிறார் என்ற விடுகதை அங்கே, ஆரஞ்சுப் பழங்களுக்கு முன்னால் அவிழ்ந்தது. தாத்தாவைத் தோண்டச் சொல்ல இனி எவரும் இருக்கக்கூடாது. அதற்கான விலை அது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மீ கோரெங் நூடுல்ஸுக்குச் சொல்லிவிட்டு இருவரும் மறுபடி கணக்கில் இறங்கினார்கள். வெட்டக்கூடிய பக்கத்தில் இருப்பது நான்கு வருடத்துக்குத்தான் வரும் என்று குழந்தைவேலு சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கப்பல் கல்லைச் சாக்கில் போட்டு விற்கும் சில்லறை லாபம். எப்படிப் புரட்டிப் போட்டாலும், பன்றியைப் பட்டினி போட்டே பார்த்தாலும், பங்கு ஐம்பது காசைத் தாண்டவில்லை.

"தோண்டுனா தொண்ணூத்தஞ்சு. தோண்டாட்டி அம்பது," என்றாள் நளினி. "ரெண்டுக்கும் நடுவுல எழுவத்தஞ்சு. அத்தை, ஒண்ணு செய்யலாம். அவருக்கு நம்ம பங்கு அவசியம். கொஞ்சம் பிடிச்சு வச்சிருந்தா எம்பதுக்கோ எம்பத்தஞ்சுக்கோ ஏறி வருவாரு."

"ஏறாட்டி?"

"சும்மா இருந்துருவாரு. பங்கு பழையபடி அம்பத்தெட்டுக்கு எறங்கும். அதுக்கும் கீழே போனாலும் போகும்."

"மாஸ்டரும் பெர்த்துக்குப் போயிருவாரு."

"ஆனா கல்லு அங்க இருக்கே அத்தை! அது உங்களோடதும்தானே, சட்டப்படி. நாளைக்கு அவரு மகன் வந்து தோண்டலாம்ல?"

பிரேமாவதி மீயைச் சுருட்டி வாயில் போட்டு, மென்று, தண்ணீர் குடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"எங்க தோட்டத்துல முனியாண்டி கோயிலைச் சுத்திப் பதினாலு செம்பனை மரம். தோட்டத்துலயே நல்லாக் காய்க்கிற மரம் அதுதான். கம்பெனிக்குன்னு ஒரு குலை வெட்டுனது கிடையாது. திருவிழா வந்தா கோயிலுக்கு வெட்டுவோம், மத்த நாளு பழுத்து உதிரும். புதுசா ஒரு மேனேஜர் வந்தாரு, படிச்சவரு, நல்ல மனுசன். குலை எண்ணுற அன்னிக்கு அந்தப் பதினாலையும் சேர்த்து எண்ணச் சொன்னாரு. நான் மாட்டேன்னேன். ‘மரம் கம்பெனியோடதுதானே பிரேமா’ன்னாரு. மரம் கம்பெனியோடதுதான் சார், நான் என்னா இல்லேன்னா சொன்னேன்? ஆனா கத்தி எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஆளு வராதே. வெட்ட ஆளில்லாத குலையைக் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னேன்."

"இங்க கத்தி எடுத்துக்கிட்டுப் போக ஆளு வந்துட்டா?"

"தாத்தாவைத் தொடாம இருக்க அந்த மனுசன் எவ்வளவு கொட்டுறான்னு பாத்தியா? நாம சாக்கை எண்ணி, புத்தகத்தைப் படிச்சு, பன்னியைக் கழிச்சு என்னென்னமோ பண்ணோம். அவன் எப்பவோ கணக்கை முடிச்சிட்டான். அந்தக் கல்லு அவன் ஆயுசுல வெளியே வராது. என் ஆயுசுல வருமா?"

நளினி கைப்பேசியில் கணக்கை அழித்தாள். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஐந்நூறு வெள்ளி குறையுதுல்ல? அதை நான் போடுறேன்," என்றாள்.

"வேண்டாம். மாஸ்டரைக் கொறைக்கச் சொல்றேன்."

அந்த வாரமே பிரேமாவதி சுங்கைப் பட்டாணிக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். தவுக்கே பிறகு விலையை ஏற்றினாரா? ஏற்றினார். கெடுவுக்கு முந்தின வாரம் மூன்று காசு கூட்டினார். முன்னமே சம்மதித்தவர்களுக்கும் கூட்டிய விலைதான் என்று நளினி போனில் கத்தியது பீடோங் சந்தை வரை கேட்டதாம். இதில் மட்டும் கொஞ்சம் கலப்படம் இருக்கலாம். சந்தை அன்று இரைச்சலாக இருந்தது.

ஆக, பணம் போதுமானதற்கு மேல் ஆயிற்று. ஆனாலும் பிரேமாவதி ஐந்நூறு வெள்ளியைக் குறைக்கச் சொன்னாள்.

"கையிலே கூடுதலா வந்திருக்கே, அப்புறம் ஏன் கொறைக்கணும்?" என்றார் ஆர்தர். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காப்பிக்கடையில் தெரியாத சேதி எது?

"பதினஞ்சு வருசம் ஒழுகுற கொழாயைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருந்தேன்ல, அதுக்கு."

"பேசாம இருந்தியா? வாரம் ரெண்டு தடவை பேசுவியே!"

"அப்ப முந்நூறு கொறைங்க."

முந்நூறைக் குறைத்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லாம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்தார். சாவியைக் கொடுக்கலாம் என்று பார்த்தால் சாவி பதினைந்து வருடமாக அவளிடமே இருக்கிறது. கையில் கொடுக்க ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றவர், காரைத் திறந்து ஒரு சுத்தியலை எடுத்துவந்து கொடுத்தார். வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

"இந்தா. இனி எங்க வேணும்னாலும் அடிச்சுக்க."

பிரேமாவதிக்கு மாட்டுவதற்கென்று ஒன்றும் தயாராக இல்லை. இருந்தாலும் விடுவாளா? முன்னறையில் நல்ல நடு இடமாகப் பார்த்து, ஆணியை வைத்து, ஒரே போடு போட்டாள். ஆணி உள்ளே போகவில்லை. அதற்குப் பதிலாகக் கதவளவு பூச்சு ஒன்று சுவரிலிருந்து பிரிந்து, நிதானமாகச் சாய்ந்து, தரையில் விழுந்து பொடியானது.

இருவரும் தூசைக் கையால் விசிறினார்கள்.

"நேத்து விழுந்திருந்தா," என்றார் ஆர்தர், "என் செலவு."

பிரேமாவதி குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தாள். "மாஸ்டர்," என்றாள், "இந்தச் சுவர்ல சிமெண்டு எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க?"